கம்பத்து எண்ணோடு ஒரு கடிதம்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். ஐம்பது காசு அஞ்சலட்டைகளைக் கட்டாக வாங்கி மேசை டிராயரில் வைத்திருப்பார். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாய் உடைந்து ஓடுகிறது, பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போகிறது என்று எது நடந்தாலும் அன்று மாலையே நாளிதழுக்கு ஓர் அட்டை போய்விடும். பாதிக்கு மேல் அச்சில் வந்தும் விடும். "அதெப்படி சார், உங்கள் கடிதம் மட்டும் தவறாமல் வருகிறது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கம்பத்து எண்ணை எழுதணும்ப்பா. 'எங்கள் பகுதியில் விளக்கு எரியவில்லை'ன்னு எழுதினா அது புலம்பல். எண்ணைப் போட்டுட்டா லைன்மேன் வந்துதான் ஆகணும்."

பல வருடம் கழித்து நானும் ஒரு கடிதம் எழுதினேன். காலநிலை மாற்றம் பற்றி. துருவத்துப் பனி உருகுவதில் ஆரம்பித்து, பாரிஸ் ஒப்பந்தம் வழியாக, வருங்காலத் தலைமுறையில் முடித்திருந்தேன். கிட்டத்தட்ட அறுநூறு வார்த்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நான்கு வரியாக வெளிவந்தது. தலைப்பு: "மரம் வளர்ப்போம்". மரம் பற்றி நான் எழுதியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் கோபமாக இருந்தது. அப்புறம் யோசித்தால், உதவி ஆசிரியர் செய்தது சரிதான். அந்த அறுநூறு வார்த்தையில், யாராவது எழுந்துபோய்ச் செய்யக்கூடிய காரியம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

நம் நாளிதழ்களில் காலநிலை பற்றி வரும் வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கரைந்துபோகின்றன. அமெரிக்காவில் சிக்கல் வேறு மாதிரி. புவி சூடாவதில் மனிதனுக்குப் பங்கே இல்லை என்று மறுக்கும் கடிதங்கள் அங்கே குவியும். அப்படிப்பட்டவற்றை இனி வெளியிடப் போவதில்லை என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் கடிதப் பக்க ஆசிரியர் 2013 அக்டோபரில் அறிவித்தார். அது அங்கே பெரிய விவாதமாயிற்று. நம் ஊரில் மறுப்பவரைப் பார்ப்பது அபூர்வம். டீக்கடையில் கேட்டாலும் "காலம் கெட்டுப்போச்சு, மழை முன்ன மாதிரி இல்லை" என்றுதான் சொல்வார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்கிறோம், யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

யாரிடம் கேட்பது? காலநிலை என்றதும் ஏதோ வானத்துச் சமாச்சாரம் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் அது பெருமளவுக்கு ஈ.பி. சமாச்சாரம்.

கணக்கு எளிது. இந்தியாவின் மின்தொகுப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு காற்றில் சேருகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இதை ஒட்டியேதான் வருகிறது. நிலக்கரி நிலையத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. எங்கள் வீட்டில் போன முறை இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடியிருந்தது. கிட்டத்தட்ட 300 கிலோ. இதில் முதல் 100 யூனிட் 2016-இலிருந்து இலவசம். ஆனால் புகைக்கு இலவச யூனிட், கட்டண யூனிட் என்ற பேதம் கிடையாது. நம் ஊர் மின்சாரம் நம் ஊரோடு நின்றுவிடுவதும் இல்லை. 2013-இன் கடைசி நாளில் ராய்ச்சூர்-சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்னகம் நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அன்றிலிருந்து இந்தியா முழுவதும் ஒரே மின்தொகுப்பு.

கடிதம் எழுத உட்காருபவர் மெகாவாட் வேறு, யூனிட் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இதில் சறுக்காத கடிதம் குறைவு, செய்திகளிலேயே சறுக்குகிறது. மெகாவாட் என்பது குழாயின் விட்டம் மாதிரி. யூனிட் என்பது குடத்தில் விழுந்த தண்ணீர். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் வந்த சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். தூத்துக்குடியில் 1979-இல் தொடங்கிய பழைய அனல்மின் நிலையம், 210 மெகாவாட் அலகுகள் ஐந்தும் சேர்ந்து 1,050 மெகாவாட். இரண்டையும் பக்கத்தில் வைத்து, "பாருங்கள், பாதிக்கு மேல் சூரியனே கொடுத்துவிடுகிறது" என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர் அத்தோடு கடிதத்தை மடித்துவிடுவார். ஒரு மெகாவாட் சூரியத் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்கு நாலாயிரத்துச் சொச்சம் யூனிட் தரும். அனல்மின் நிலையத்தின் ஒரு மெகாவாட் நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 24,000 யூனிட். நடப்பில் நிற்காமல் ஓடுவதில்லை. கொதிகலன் பழுது, நிலக்கரித் தட்டுப்பாடு எல்லாம் உண்டு. இருந்தாலும் வித்தியாசம் வித்தியாசம்தான்.

இதைச் சொல்வதால் நான் நிலக்கரிக் கட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சூரிய மின்சாரத்தை ஆதரித்து எழுதுபவர் எழுத வேண்டிய விஷயமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. "அதிகத் தகடு வையுங்கள்" என்று கேட்பதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. பகலில் வருவதை ராத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது மறுபாதி.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன் அந்த அளவு போனதில்லை. கோடைப் பகலில் எவ்வளவு தேவை ஏறினாலும் வெயிலும் கூடவே இருப்பதால் தகடுகள் கைகொடுக்கும். ஆறரை மணிக்குப் பொழுது சாய்ந்ததும் அவை மொத்தமாகக் கைகழுவிவிடும். சாப்பிட்டு முடித்து ஏ.சி. போடும் நேரம் அதற்கப்புறம்தான். அந்த நேரத்துக்கு வெளிச்சந்தையில் வாங்குகிற மின்சாரம்தான் விலை அதிகம். கடைசியில் அது கட்டண ஆணையில் வந்து நிற்கும்.

காற்றாலையின் கதை வேறு. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கியது. பிறகு ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்கள் எங்கெல்லாம் காற்றைத் திறந்துவிடுகின்றனவோ அங்கெல்லாம் பரவியது. இன்று 10,000 மெகாவாட்டுக்கும் மேல். நாட்டில் நெடுங்காலம் முதலிடம் நமக்குத்தான். சமீபத்தில்தான் குஜராத் முந்தியது. ஆனால் இந்தக் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் முழு வேகத்தில் வீசும். கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் பலருக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. சீசனில் மிஞ்சுவதை ஈ.பி. கணக்கில் வரவு வைத்துவிட்டுப் பிற்பாடு எடுத்துக்கொள்வதற்கு 'பேங்கிங்' என்று பெயர். இதற்கு எவ்வளவு கட்டணம், எத்தனை மாதம் வரவு நிற்கும் என்பதில் வாரியத்துக்கும் ஆலைக்காரர்களுக்கும் வருடக்கணக்கில் வழக்கு. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பணக்காரர்கள் தகராறு போலத் தெரியும். காற்று மின்சாரம் எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று.

சேமித்து வைக்கும் வழி நமக்குப் புதிதும் அல்ல. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் எண்பதுகளிலிருந்தே இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றிவிடுவார்கள். தேவைப்படும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று. மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி-எமரால்டு. இது ஆண்டுக்கணக்கில் கட்டப்பட்டு வருகிறது. உலகம் அழிகிறது என்று எழுதுவதற்குப் பதில், குந்தா இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது முடியும் என்று இரண்டே வரியில் கேட்கும் கடிதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போட்டு, வந்த பதிலை வைத்து அடுத்த கடிதம்.

காலநிலைக் கடிதத்தின் கம்பத்து எண் எங்கே கிடைக்கும் என்றால், அதே நாளிதழில். விளம்பரப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

மின்சாரச் சட்டம் 2003-இன் 64-ஆம் பிரிவு சொல்வது இது: கட்டணத்தை மாற்றக் கேட்கும் நிறுவனம் தன் விண்ணப்பத்தின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். விண்ணப்பம் வந்த 120 நாளுக்குள், மக்களிடமிருந்து வந்த யோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் வாரியம் கட்டண உயர்வு கேட்டது. அதற்கு முன் எட்டு வருடமாகக் கட்டணம் ஏறவில்லை. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் வந்துவிட்டது. போய்ப் பேசியவர்கள் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆணைகளைப் புரட்டினால், யார் என்ன ஆட்சேபித்தார், வாரியம் என்ன பதில் சொன்னது, ஆணையம் என்ன கருதியது என்று ஒரு பகுதியே இருக்கும். அதில் பதிவாகும் வாதத்தை அடுத்த முறை இன்னொருவர் எடுத்துப் பேசலாம், மேல்முறையீட்டிலும் காட்டலாம். நாளிதழ்க் கடிதத்தின் ஆயுள் மறுநாள் பஜ்ஜி மடிக்கிற வரைதான். ஆகவே கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது, அதே வாசகத்தை ஆட்சேபணையாக ஆணையத்துக்கும் அனுப்பிவிடுவது நல்லது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

புதிய அனல்மின் நிலையம் போன்ற பெரிய திட்டங்களுக்கு வழி வேறு. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். கூட்டத்தை மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ நடத்துவார். எழுத்துமூலக் கருத்தும் செல்லும். 2020-இல் வந்த வரைவு இந்த 30 நாளை 20 ஆகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவே ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்திருந்தது. மற்ற மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. முப்பது நாள் என்பது நமக்கு ஏற்கெனவே போதாது. பல நூறு பக்க அறிக்கையைத் தேடிப்பிடித்து, ஆங்கிலத்தில் படித்து, வயலில் வேலையும் பார்த்துக்கொண்டு ஒருவர் என்ன எழுதிவிட முடியும்? இங்கேதான் உள்ளூர்க் கடிதம் உதவும். அறிவிப்பு வந்த வாரமே, "இந்தத் தேதியில், இந்த மண்டபத்தில் கூட்டம், அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் இந்த அலுவலகத்தில் கிடைக்கும்" என்று ஐந்து வரி எழுதினால் போதும். பொடி எழுத்து விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் கடிதப் பகுதியைப் பார்ப்பார்கள். தினமலரில் 'இது உங்கள் இடம்' பகுதியை முதலில் படித்துவிட்டுத்தான் செய்திக்கே போவேன் என்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும்.

வானிலையைத் தொட்டு எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருடத்தில் அங்கே பெய்வதைவிட அதிகம். "இது காலநிலை மாற்றத்தால்தான்" என்று அடித்து எழுதத் தோன்றும். தனியொரு மழையை அப்படிக் கைகாட்டிவிட முடியாது. அதற்கென்று தனி ஆய்வு வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்து வைக்க முடியும், ஆகவே கொட்டும்போது கூடுதலாகக் கொட்ட வாய்ப்பு என்று எழுதினால் ஒருவரும் மறுக்க முடியாது. அதைவிட உறைக்கிற கேள்வி, துணைமின் நிலையத்தின் தரைமட்டம் எவ்வளவு, வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்பது. கஜா புயலில் டெல்டாவில் சாய்ந்த மின்கம்பங்களை நட்டு முடிக்க வாரக்கணக்கில் ஆனது. கடலோரத்தில் புதைவடம் எப்போது என்று அன்று எல்லாரும் கேட்டோம். புயல் ஓய்ந்ததும் கேள்வியும் ஓய்ந்துவிட்டது.

இன்னொரு சறுக்கல், இலவச மின்சாரத்தைத் திட்டி எழுதுவது. பம்புசெட்டுக்கு இலவசம் கொடுத்துத்தான் எல்லாம் கெட்டது என்று நகரத்திலிருந்து எழுதப்படும் கடிதங்களை நிறையப் பார்க்கிறேன். பிள்ளையாண்டான் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, விவசாயியைப் பார்த்து இப்படிக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதோடு, அது வேலைக்கும் ஆகாது. எந்தக் கட்சியும் கை வைக்காது. பம்புசெட் வெயில் நேரத்தில் ஓடலாம், அப்படி ஓடுவதுதான் விவசாயிக்கும் வசதி. நடுராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து மோட்டார் போடப் போக வேண்டியதில்லை. 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த குசும் என்ற சூரிய பம்புசெட் திட்டம், பம்புசெட் மின்பாதைகளையே சூரிய மின்சாரத்துக்கு மாற்ற வழி வைத்தது. நம் ஒன்றியத்தில் எத்தனை மின்பாதை அப்படி மாறியிருக்கிறது என்று கேட்டால், விவசாயியும் நம் பக்கம் நிற்பார்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு எழுதிய என் இரண்டாவது கடிதம் இது. பெயர், முழு முகவரி, அலைபேசி எண் எல்லாம் போட்டு அனுப்பினேன். அவை இல்லாத கடிதம் நேரே குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

"ஐயா, எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மொட்டைமாடி காலியாகக் கிடக்கிறது. அங்கே 10 கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் நாளுக்குச் சுமார் 40 யூனிட், வருடத்துக்கு 14,000 யூனிட் வரை கிடைக்கும். இதே அளவை மின்தொகுப்பிலிருந்து எடுத்தால் காற்றில் சேரும் கரியமிலவாயு ஏறத்தாழ 10 டன். பள்ளிக்கூடம் நடப்பதே வெயில் நேரத்தில்தான் என்பதால் சேமிக்க பேட்டரியும் வேண்டாம். கோடை விடுமுறையில் மிஞ்சுவதை ஈ.பி. கம்பிக்கே விட்டுவிடலாம். வரும் கல்வியாண்டுக்குள் கூரையை ஆய்வு செய்து மதிப்பீடு தயாரிக்க மாவட்ட ஆட்சியரும் மின்வாரியச் செயற்பொறியாளரும் ஆவன செய்ய வேண்டுகிறேன்."

கேட்பதைக் கடைசி வரியில் வைத்தது தவறு. பக்கத்தில் இடமில்லை என்றால் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். நல்லவேளை, அன்றைக்கு வெட்டவில்லை. தலைப்பு மட்டும் "பள்ளியில் சோலார்: கவனிப்பார்களா?" என்று அவர்களே வைத்திருந்தார்கள்.

ஒன்பதாவது நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. உள்ளூர் ஈ.பி. அலுவலகத்திலிருந்து ஒருவர். ஆட்சியர் அலுவலகத்தில் பத்திரிகைக் கடிதங்களைக் கத்தரித்து அந்தந்தத் துறைக்கு அனுப்பி விளக்கம் கேட்பார்கள். அப்படி வந்திருக்கிறது போல.

"சார், லெட்டர் பார்த்தேன். 10 கிலோவாட்னு போட்டிருக்கீங்க. அந்த ஸ்கூல் சர்வீஸுக்கு அனுமதிச்ச மின்பளுவே 6 கிலோவாட்தான். அதுக்கு மேல தகடு வைக்க முடியாது. முதல்ல லோடு ஏத்தணும், அதுக்கு ஸ்கூல்ல இருந்து மனு வரணும்."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

"மனுவில என்ன எழுதணும் சார்?" என்று கேட்டேன்.

"சர்வீஸ் நம்பரைப் போடச் சொல்லுங்க" என்றார்.